ஹோட் ரூட்டுக்கு எடை குறைந்த ஸ்கீ, பின் பைண்டிங்: எவ்வளவு வரை குறைக்கலாம்?

கேள்வி: பனித்தடம்

ஏப்ரல் கடைசியில் ஷாமோனியிலிருந்து செர்மாட் வரை ஹோட் ரூட் (ஆல்ப்ஸில் பனியாறுகள் வழியே ஸ்கீயில் ஏறி இறங்கும் பாதை), 6 நாள், வழிகாட்டியோடு. என் உயரம் 176 செ.மீ., எடை 72 கிலோ. ஸ்கீ மையங்களில் சிவப்பு (நடுத்தரக் கடினம்) பாதைகள் சிரமமில்லை, கறுப்பில் (மிகக் கடினம்) நிதானமாக இறங்குவேன். பூட் வாங்கியாயிற்று: ஒன்று 1,250 கிராம், சோல் நீளம் 297 மி.மீ., முன்முனையிலும் குதியிலும் பின் பைண்டிங்குக்கான (பூட்டை pin எனும் ஊசிகளால் ஸ்கீயோடு பிடித்து, விழும்போது விடுவிக்கும் கருவி) துளைகள் உண்டு.

கடைக்காரர் இடுப்பு (ஸ்கீயின் நடுப்பகுதி அகலம்) 96 மி.மீ. உள்ள ஸ்கீயும் ஷிஃப்ட் வகை பைண்டிங்கும் (ஏறும்போது பின், இறங்கும்போது சாதாரண பைண்டிங் போல மாறுவது) காட்டுகிறார். நண்பரோ 65 மி.மீ. பந்தய ஸ்கீ, 130 கிராம் பைண்டிங் போதும் என்கிறார். இரண்டுக்கும் ஒரு காலுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம். எங்கே நிற்பது? பிரேக் (கழன்ற ஸ்கீ ஓடாமல் பனியில் ஊன்றும் கம்பி) வேண்டுமா, லீஷ் (ஸ்கீயைப் பூட்டோடு கட்டும் வார்) போதுமா?

பதில் 1: கோடைப்பனி

இரண்டு பேச்சையும் ஒதுக்கிவையுங்கள். இடுப்பு 82 முதல் 88 மி.மீ., நீளம் 168-172 செ.மீ., ஒரு ஸ்கீ 1,200 முதல் 1,300 கிராம். அந்தப் பாதைக்கு அளவாக இருக்கும்.

ஏப்ரலில் விடியற்காலையில் பனி கல்லாக இறுகிக் கிடக்கும். குறுக்காகக் கடக்கும்போது விளிம்புதான் பிடிக்க வேண்டும். இடுப்பு அகலமானால் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகும், கணுக்கால் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். 96 மி.மீ. அகலம் ஜனவரியின் புதுப்பனிக்குச் சுகம், இங்கே பாரம். மறுபக்கம், 1,000 கிராமுக்குக் கீழே போனால் ஸ்கீ பனியின் மேடுபள்ளத்தை அமுக்காது, அதன்மேல் துள்ளும். மதியம் இளகி, மற்றவர் தடம் பதிந்து, மறுபடி உறைந்த பனியில் முனை திசை மாறி ஓடும். கால் தேர்ந்தவர்கள் சமாளிப்பார்கள். நீங்கள் சொன்ன அளவு அனுபவத்துக்கு, ஐந்தாம் நாள் களைப்போடு, அது விழுவதற்கான வழி.

எடையைக் குறைக்க வேண்டிய இடம் பைண்டிங். ஷிஃப்ட் வகை ஒன்றே 850 கிராமுக்கு மேல். எளிய பின் பைண்டிங் பிரேக் இல்லாமல் 250-350 கிராம். அதோடு ஷிஃப்டுக்கு பூட்டின் முன்முனையில் தடித்த உதடு வேண்டும். இலேசான பூட்கள் பலவற்றில் அது வெட்டப்பட்டிருக்கும். உங்களுடையதைப் பாருங்கள்.

130 கிராம் பந்தய பைண்டிங் ஏன் வேண்டாம் என்றால், பலவற்றில் விடுபடும் விசையைத் திருகி மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் U வடிவ ஸ்பிரிங் சொல்வதுதான் கணக்கு. பக்கவாட்டு விசை, முன்னோக்கிய விசை இரண்டையும் தனித்தனியாகத் திருகி அமைக்கக்கூடியதாக எடுங்கள். அளவை எடை, உயரம், வயது, சறுக்கும் பாணி, சோல் நீளம் ஐந்தையும் வைத்துக் கடையில் பார்ப்பார்கள். "கழன்றுவிடுமோ" என்று பயந்து ஏற்றச் சொல்லாதீர்கள். அந்த பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

பதில் 2: திருப்புளி

அந்த வேறிடம் குதிகால் இடைவெளி. பூட்டின் குதிக்கும் பைண்டிங்கின் பின்துண்டுக்கும் நடுவே மாடலைப் பொறுத்து 4 மி.மீ. அல்லது 5.5 மி.மீ. விடச் சொல்லியிருப்பார்கள். அளக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு பெட்டியிலேயே வரும். பள்ளத்தில் ஸ்கீ வளையும்போது பூட்டும் பின்துண்டும் நெருங்கும். இடைவெளி இல்லையென்றால் பூட் முன்னால் தள்ளப்பட்டு முன்துண்டின் பின்கள் திறந்துகொள்ளும், அல்லது பின்துண்டு உடையும். கூடிப்போனால் குதி சீக்கிரமே கழலும். (எந்த இடைவெளியும் தேவைப்படாத மாடல்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள்.) பின்துண்டின் கீழே 25-30 மி.மீ. நகரும் தகடு உள்ளதாக வாங்கினால் பூட் மாறினாலும் புதுத் துளை போட வேண்டாம்.

துளை போடுவது பற்றி. உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.6 × 9.5 மி.மீ. துரப்பணம், டைட்டனல் (அலுமினியக் கலவை) தகடு இருந்தால் 4.1 × 9.5. அந்த 9.5-ஐத் தாண்டாமல் நிறுத்தும் கழுத்து இல்லாத சாதாரண டிரில்லைப் பயன்படுத்தினால், மெல்லிய ஸ்கீயில் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். திருகாணிக்கு போசிடிரைவ் 3 வகை முனை வேண்டும், ஃபிலிப்ஸ் முனையால் திருகினால் தலை தேயும். எபாக்ஸி தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஜிக் (துளை இடங்களைக் காட்டும் அச்சு) இல்லாமல் வீட்டில் முயலாதீர்கள், முன்துண்டு 1 மி.மீ. கோணினாலும் குதிப் பின்கள் துளையில் சரியாக உட்காராது.

பதில் 3: வெண்சரிவு

பிரேக் விஷயத்தில் என் கட்சி லீஷ். பிரேக் ஜோடிக்கு ஏறக்குறைய 200 கிராம் கூடும், மிருதுவான பனியில் ஸ்கீயை நிறுத்தும், கண்ணாடி போன்ற பனியாற்றில் நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஸ்கீ பனியாற்றுப் பிளவுக்குள் போனால் அன்றைய நடை முடிந்தது. ஆனால் லீஷில் குறிப்பிட்ட இழுவிசையில் அறுந்துபோகும் பலவீனக் கண்ணி இருக்க வேண்டும். இல்லையென்றால் பனிச்சரிவில் ஸ்கீயே நங்கூரமாகிக் கீழே இழுக்கும்.

பனிச்சரிவு அபாயமுள்ள ஏற்றத்தில் இன்னொன்று: முன் லீவரை மேலே இழுத்துப் பூட்டினால் பைண்டிங் விடுபடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்குமுன் லீவரைச் சறுக்கு நிலைக்குக் கொண்டுவந்தீர்களா என்று கைவைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

பதில் 4: கோடைப்பனி

வெண்சரிவு சொன்னதோடு ஒத்துப்போகிறேன், பனியாற்றுக்கு மட்டும். வீட்டருகே காட்டுச் சரிவுகளிலும் இதே ஸ்கீ என்றால் பிரேக்கைப் பிற்பாடு பொருத்தக்கூடிய மாடலாக எடுங்கள்.

ஸ்கீ கிராம்பானை (இறுகிய பனியில் ஏற பைண்டிங்கில் மாட்டும் பற்கள்) மறக்காதீர்கள். இடுப்பு 86 என்றால் 88-92 அகலத்தில். முன்துண்டில் அதற்கான கொக்கி இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். குதித்தாங்கியை (ஏறும்போது குதியை உயர்த்தித் தாங்கும் பாகம்) மிக உயரத்தில் வைத்து ஏறினால் கிராம்பான் பற்கள் பனியில் முழுதாக இறங்காது. தாழ்ந்த நிலையில் வையுங்கள்.

ஸ்கின் (ஏறும்போது பின்னோக்கி வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) 70 சதவீதம் மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்), மீதி நைலான். வெட்டும்போது இருபுறமும் உலோக விளிம்பு 1-2 மி.மீ. வெளியே தெரிய வேண்டும்.

பனித்தடம்

நன்றி. கடையில் போட்டுப் பார்த்தபோது ஒரு கால் மட்டும் முன்பக்கம் இரண்டு தடவை திறந்துகொண்டது. ஸ்பிரிங் பழுதா?

பதில் 5: திருப்புளி

முதலில் பூட்டின் முன்துளையைப் பாருங்கள். மண் இருந்தால் குச்சியால் சுரண்டுங்கள். அடுத்து முன்துண்டில் பூட்டைப் பிடிக்கும் இரு இறக்கைகளுக்குக் கீழே. வெளியில் அங்கே பனி அடைந்து பனிக்கட்டியாகும், இறக்கை முழுதாக மூடாது, லீவர் மட்டும் மூடியதுபோல் நிற்கும். கைத்தடியின் கூரால் குத்தியெடுத்து, பூட் இல்லாமலே ஒருமுறை மூடிப் பாருங்கள். பிறகு பூட்டை மாட்டி, குதியைத் தூக்கி ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு லீவரை இழுங்கள். முன்துண்டின் பின்கள் துளைக்குள் சுழன்று அழுக்கை வெளியே தள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே கால் திறந்தால் பூட்டை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பூட்டோடு போகிறதென்றால் துளை, ஸ்கீயிலேயே நிற்கிறதென்றால் முன்துண்டு.