கூந்தன்குளத்துப் பறவைகளுக்கு எது: பெரிய ஜூம் பிரிட்ஜ் கேமராவா, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரா?

குளக்கரை டீச்சர் (ஞாயிறு, இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு குளத்தங்கரையில் நிற்பது பழக்கம். பெரும்பாலும் நயினார்குளம், மாதம் ஒரு தடவை கூந்தன்குளம். இதுவரை பைனாகுலரும் ஒரு நோட்டும்தான் துணை. இப்போது கேமரா வாங்கலாம் என்று 70,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

தோழி தன்னுடைய நிக்கான் பி900 பிரிட்ஜ் கேமராவை (லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள வகை) இரண்டு வாரம் வைத்துக்கொள் என்று கொடுத்தாள். 83 மடங்கு ஜூம். போன வாரம் கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகள் எதிர்க்கரையில் கூட்டமாக நின்றன, ஏறக்குறைய 300 மீட்டர் இருக்கும். முழு ஜூமில் நாற்பது படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. தலையில் இரண்டு கருப்புப் பட்டை இருக்குமே, அதுவே தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்கிப் போயிருக்கிறது.

என் அக்கா மகன் படத்தைப் பார்த்ததும், "ஒளியைப் பிடிக்கிற சென்சார் சின்னது சித்தி, அப்படித்தான் வரும். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர், நிக்கான் டி7500 பாடியும் 70-300 லென்ஸும் வாங்கிடுங்க" என்கிறான். கடைக்காரரோ புது பி950-ஐ எடுத்து மேசை மேல் வைக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரியே இருக்கிறது, அதுதான் தொல்லை.

படம் கலங்கியதற்கு சின்ன சென்சார்தான் காரணமா? என் உபயோகத்துக்கு எது பொருந்தும்? படங்களைப் பெரிதாக அச்சடிக்கப் போவதில்லை. பறவைப் பட்டியல் பதியும் ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும், நோட்டில் எழுதிய பெயர் சரிதானா என்று வீட்டில் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, எனக்குக் கழுத்து வலி உண்டு. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

ஃபுல் ஃப்ரேம் தம்பி (ஞாயிறு, இரவு 9.05)

யோசிக்கவே வேண்டாம், டிஎஸ்எல்ஆர்தான். பிரிட்ஜ் கேமரா எல்லாம் பொம்மை.

கரிச்சான் (ஞாயிறு, இரவு 9.30)

டீச்சர், வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த வாத்துப் படம் எடுத்தது எத்தனை மணிக்கு? ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்ன காட்டுகிறது? கையில் பிடித்து எடுத்தீர்களா?

குளக்கரை டீச்சர் (ஞாயிறு, இரவு 9.52)

பத்தே முக்காலில் ஆரம்பித்து பதினொன்றரை வரை. நல்ல வெயில். ஷட்டர் 1/640, ஐஎஸ்ஓ 100. கேமராவைக் கரைச் சுவரில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன் மேல் ஊன்றித்தான் எடுத்தேன். கை நடுங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கரிச்சான் (ஞாயிறு, இரவு 10.20)

அப்படியென்றால் கையும் குற்றவாளி இல்லை, சென்சாரும் இல்லை. ஐஎஸ்ஓ 100-இல் அந்தச் சின்ன சென்சாரே நன்றாக வேலை செய்யும். உங்கள் படத்தைக் கெடுத்தது கானல்.

வெயில் ஏறியதும் கரை மண் சூடாகி, மேலே இருக்கும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது ஒளி ஒவ்வொரு கணமும் வேறு வேறு பக்கம் வளைகிறது. நாற்கரச் சாலையில் தூரத்து லாரி நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். உங்கள் பைனாகுலர் 8 மடங்குதான் பெருக்கும், அதனால் அதில் உறுத்தாது. உங்கள் கேமராவின் முழு ஜூமான 2000 மி.மீ. என்பது வெறுங்கண்ணைவிட நாற்பது மடங்கு (83 மடங்கு என்பது அதன் அகலக் காட்சியிலிருந்து போடும் கணக்கு). வாத்து நாற்பது மடங்கு பெரிதானால் நெளிவும் நாற்பது மடங்கு பெரிதாகும். பல லட்சம் ரூபாய் லென்ஸைக் கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் வரும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எதிர்க்கரையில் எழுத்தோ எண்ணோ உள்ள அசையாத பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் பத்து படம், பதினொரு மணிக்கு அதே இடத்திலிருந்து பத்து படம். முக்காலியில் வைத்தால் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

பழைய லென்ஸ் (திங்கள், காலை 6.15)

கரிச்சான் சொன்னதோடு என் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் சொல்வது பாதி சரி. பி900, பி950 இரண்டிலும் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. டி7500-இல் 23.5 × 15.7. பரப்பளவில் கிட்டத்தட்ட 13 மடங்கு. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் உங்கள் வாத்து 300 மீட்டரில் நிற்கிறதே. முக்கால் மீட்டர் நீளமுள்ள பறவை என்று வைத்துக்கொள்வோம். 70-300 லென்ஸை டி7500-இல் மாட்டினால் முழு ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கணக்கில் 450 மி.மீ. கிடைக்கும். அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் 24 மீட்டர் கரை விழும். அதில் வாத்து முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 170 பிக்சல் நீளம். பிரிட்ஜ் கேமராவின் 2000 மி.மீ.யில் 5.4 மீட்டர் கரைதான் விழும், வாத்து சுமார் 640 பிக்சல். அந்த 640-உம் முழுக்கக் கூர்மையாக வராது, அவ்வளவு பொடிப் பிக்சல்களை அந்த லென்ஸ் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது. அப்படியிருந்தும் 170-ஐ விட எவ்வளவோ மேல். தலைப் பட்டையைப் பார்க்க இது போதும், அது போதாது.

ஒளி உள்ளே வரும் வாயையும் பாருங்கள். பி950 முழு ஜூமில் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ., எஃப் எண் 6.5, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வாய் 55 மி.மீ. டி7500-க்கான டிஎக்ஸ் 70-300 லென்ஸ் 300-இல் எஃப் 6.3, ஆக 48 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தூரத்துப் பறவையிலிருந்து அதிக ஒளியை வாங்குவது அந்தப் "பொம்மை"தான்!

எடை: டி7500 பேட்டரியோடு 720 கிராம், லென்ஸ் 415, மொத்தம் 1,135. பி950 1,005 கிராம். இரண்டும் உங்கள் வரம்புக்குள்தான், எடையை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

ஓரக்கண் (திங்கள், காலை 8.10)

அந்த அக்கா மகன் நான்தான்! சித்தி, இங்கே வந்து பஞ்சாயத்து வைப்பீங்கன்னு எதிர்பார்க்கலை.

கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாத்து மட்டும்தான் பறவையா? நயினார்குளத்தில் மீசை ஆலா தண்ணீருக்கு மேலே பறந்து திரும்புவதைப் பிரிட்ஜ் கேமராவில் பிடிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். பர்ஸ்டில் (விடாமல் தொடர்ந்து) ஏழெட்டு படம் எடுக்கும், அப்புறம் கார்டில் எழுதி முடிக்கும் வரை சும்மா நிற்கும். அதற்குள் ஆலா மீனைப் பிடித்து விழுங்கியே இருக்கும். டி7500 விநாடிக்கு 8 படம், 51 ஃபோகஸ் புள்ளி, வியூஃபைண்டரில் கண்ணாடி வழியாக நேரே பார்க்கலாம், தாமதமே கிடையாது. விடியற்காலை ஆறேகாலுக்குச் சீமைக்கருவேலப் புதருக்குள் தாவும் தையல்சிட்டையும் எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 1600-க்குப் போனால் சின்ன சென்சாரில் இறகெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும்.

பழைய லென்ஸ் (திங்கள், காலை 8.45)

தம்பி சொன்ன இந்த மறுபாதி முழுக்கச் சரி. பக்கத்தில் இருப்பது, இருட்டில் இருப்பது, பறப்பது, இந்த மூன்றுக்கும் பெரிய சென்சார்தான். தூரத்தில் வெளிச்சத்தில் சும்மா நிற்பதற்குப் பிரிட்ஜ். டீச்சர் இந்த வருட நோட்டைப் புரட்டி, எந்தப் பறவைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு எச்சரிக்கை. நான் மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் பழைய டெலி லென்ஸ் வாங்கினேன். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்தால், உள்ளே நடுக் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திருப்பித் தரப் போனால், "பார்த்துத்தானே சார் எடுத்தீங்க" என்றார்கள். அதற்கப்புறம் டார்ச் இல்லாமல் எந்தக் கடைக்குள்ளும் கால் வைப்பதில்லை. இன்னொன்று, நிக்கானின் ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் (இந்த டிஎக்ஸ் 70-300-உம் அதில் ஒன்று) டி90, டி7000 மாதிரிப் பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. டி7500-இல் பிரச்சினை இல்லை. ஆனால் கடையில் "அதைவிட மலிவா ஒரு பாடி இருக்கு" என்று ஆசை காட்டினால் இது நினைவில் இருக்கட்டும்.

ஃபுல் ஃப்ரேம் தம்பி (திங்கள், மதியம் 1.20)

பொம்மை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனால் டிஎஸ்எல்ஆரில் 300 மி.மீ. குளத்துக்குப் பத்தாது, அதுவும் உண்மை. ஆறு மாதத்தில் 200-500 கேட்கும். அது லென்ஸ் மட்டுமே 2,300 கிராம். என்னிடம் இருப்பது 150-600, இரண்டு கிலோ. உள்ளதைச் சொல்கிறேன், போன மாதம் காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கி எடுத்துவிட்டு வந்தேன். டீச்சர் கழுத்துக்கு அந்தப் பாதை வேண்டாம்.

மலைச்சிட்டு (திங்கள், மாலை 6.00)

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பற்றி ஒருவரும் பேசவில்லையே? கேனான் ஆர்50 பாடி 375 கிராம், ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம். மொத்தம் பி950 எடைதான். முழு ஃப்ரேம் கணக்கில் 640 மி.மீ. வரை போகும், பறவையின் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் செய்யும். நிக்கானும் கேனானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் விடவில்லை. இப்போது போய் அந்தக் குடும்பத்தில் சேர வேண்டுமா?

கரிச்சான் (திங்கள், மாலை 6.30)

நல்ல ஜோடிதான், ஆனால் புதிதாக வாங்கினால் 70,000-ஐத் தாண்டிவிடும். டிஎஸ்எல்ஆர் புதிதாக வரவில்லை என்பதால்தான் பழையது மலிவாகக் கிடைக்கிறது, அதையும் பார்க்கணும். குளத்தில் வரிசையாக நிற்கும் நாரையும் வாத்தும் போன வருட கேமரா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை.

குளக்கரை டீச்சர் (அடுத்த ஞாயிறு, மதியம் 2.15)

சோதித்துவிட்டேன். இன்று ஐந்தரைக்கே கிளம்பி கூந்தன்குளம் போனேன், அக்கா மகன்தான் ஓட்டினான். எதிர்க்கரையில் ஒரு கல்லில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கிறது. ஆறே முக்காலுக்கு எடுத்த பத்தில் எட்டுப் படத்தில் எண் தெளிவாகத் தெரிகிறது, பெயின்ட் வழிந்த கோடுகூடத் தெரிகிறது. பதினொரு மணிக்கு அதே முக்காலி, அதே இடம், அதே 1/640. எண்ணை வாசிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கிறது, ஒரு படத்தில் 3 என்ற எண் 8 மாதிரி இருக்கிறது. கானல்தான், சந்தேகமே இல்லை.

நோட்டையும் புரட்டினேன். நவம்பரிலிருந்து இருபத்தாறு கேள்விக்குறி. அதில் பத்தொன்பது, தூரத்துச் சேற்றில் நிற்கும் உள்ளான் வகைகள்! பறந்துகொண்டே குழப்பியவை மூன்றுதான். மீதி புதருக்குள் இருந்தவை. இன்று காலை ஏழு மணிக்கு அப்படி ஒன்றை எடுத்தேன். புருவக் கோடு வெள்ளையாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை நீண்டிருக்கிறது, முதுகில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி. பொறி உள்ளான். நாலு வாரமாகக் கேள்விக்குறியோடு நின்றது.

ஆகவே பிரிட்ஜ். ஆனால் பி900 கிட்ட ஒரு எரிச்சல்: முழு ஜூமில் பறவையைக் கண்டுபிடிக்கவே அரை நிமிஷம் ஆகிறது. வானம், தண்ணீர், வானம், தண்ணீர் என்று துழாவிக்கொண்டே இருக்கிறேன். பி950-உம் அப்படித்தானா?

கரிச்சான் (ஞாயிறு, மதியம் 2.50)

அதுவும் அப்படித்தான், ஆனால் வழி இருக்கிறது. லென்ஸின் இடது பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும், பி900-இலும் உண்டு. அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கி அகலமாகக் காட்டும். பறவையை நடுவுக்குக் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். ஒரு மணி நேரம் வீட்டு மாடியிலிருந்து காக்கையை வைத்துப் பழகுங்கள், போதும்.

பி950-இல் கூடுதலாகக் கிடைப்பது: வியூஃபைண்டர் நன்றாகத் தெளிவு, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைல் எடுக்கலாம் (பி900-இல் ஜேபெக் மட்டும்தான்), டயலிலேயே பறவைக்கென்று தனி மோட். மேலே துணைக்கருவி மாட்டும் ஷூவும் உண்டு, பிற்பாடு வேண்டுமானால் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

ஓரக்கண் (ஞாயிறு, மதியம் 3.05)

சித்தி, தோத்துட்டேன். ஆனால் ஆலா எடுக்க ஆசை வந்தால் என் டி7500-ஐ ஞாயிறுக்கு ஞாயிறு தருகிறேன். நீங்க சொன்ன "அக்கா மகன்தான் ஓட்டினான்"-க்கு பெட்ரோல் காசு தனி.

குளக்கரை டீச்சர் (ஞாயிறு, மதியம் 3.20)

காலையில் வாங்கிக் கொடுத்த இட்லி வடையில் பெட்ரோல் காசு கழிந்துவிட்டது. பி950-க்குச் சொல்லிவிட்டேன், புதன்கிழமை வருகிறது. மழைக்காலத்தில் எதில் வைப்பது? அரிசி டப்பாவில் போடலாம் என்கிறார்கள்.

பழைய லென்ஸ் (ஞாயிறு, மாலை 4.00)

அரிசி வேண்டாம் டீச்சர், அந்த மாவு ஜூம் குழாயின் இடுக்கில் எல்லாம் ஏறும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல். பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். நீங்கள் ஞாயிறுதோறும் வெளியே எடுக்கிறவர், உங்கள் லென்ஸில் பூஞ்சை லேசில் பிடிக்காது. ஸ்ட்ராப்பை மட்டும் கழுத்தில் தொங்கவிடாமல் தோளில் குறுக்காகப் போடுங்கள்.