உபுண்டுவை நீக்கினேன், இப்போது விண்டோஸும் திறக்கவில்லை. உதவி வேண்டும்

கேள்வி:

நண்பர்களே, அவசரம். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு லினக்ஸ் இரண்டும் இருந்தன. உபுண்டுவைத் திறந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் பக்கம் இடம் போதவில்லை என்பதால் இன்று மாலை டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் உபுண்டு இருந்த 120 ஜிபி பார்ட்டிஷனையும் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி), பக்கத்திலிருந்த 8 ஜிபி ஸ்வாப்பையும் (ரேம் போதாதபோது உபுண்டு பயன்படுத்தும் இடம்) அழித்தேன். இரண்டும் சேர்ந்து கறுப்புப் பட்டையாக, 'அன்அலகேட்டட்' (ஒதுக்கப்படாத இடம்) என்று காட்டியது. சரி, முடிந்தது என்று ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

இப்போது வெறும் கறுப்புத் திரை. மேலே இடது மூலையில் 'க்ரப்' என்று ஒரு சொல், ஒரு அம்புக்குறி, பக்கத்தில் மின்னி மின்னி மறையும் கோடு. மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டேன், அதே திரைதான். நாளை காலை கொடுக்க வேண்டிய வேலை முழுவதும் விண்டோஸில் இருக்கிறது. அதையும் சேர்த்து அழித்துவிட்டேனா? மொபைலில் இருந்து எழுதுகிறேன்.

பதில் 1:

பயப்படாதீர்கள் நண்பரே. சி டிரைவில் கை வைக்கவில்லை என்றால் விண்டோஸ் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. எதையும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

திரையில் 'க்ரப்' மட்டும் இருக்கிறதா, 'க்ரப் ரெஸ்க்யூ' என்று இருக்கிறதா? 'க்ரப்' மட்டும் என்றால் அங்கேயே எக்ஸிட் என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். பல கணினிகளில் பூட் பட்டியலில் அடுத்து இருக்கும் விண்டோஸுக்குப் போய்விடும். போகவில்லையா, அணைத்துவிட்டு ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை விடாமல் தட்டுங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து அது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் ஆக இருக்கும். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்:

எக்ஸிட் அடித்ததும் விண்டோஸ் வந்துவிட்டது! கை நடுக்கம் இப்போதுதான் நின்றது. மிக்க நன்றி. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கறுப்புத் திரை. ஒவ்வொரு முறையும் எக்ஸிட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில் 1:

வேண்டாம். நடந்தது இதுதான். உபுண்டு முழுவதும் அந்த 120 ஜிபிக்குள் இல்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒன்று இருக்கும். விண்டோஸைத் துவக்கும் ஃபைல், உபுண்டுவைத் துவக்கும் க்ரப் இரண்டும் அதில் தனித்தனி ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. நீங்கள் டிஸ்க்கில் அழித்தது அந்த வரிசையைத் தொடவே இல்லை. அது இன்னும் க்ரப்பைக் கூப்பிடுகிறது. க்ரப் தன் மெனுவை அழிந்துபோன பார்ட்டிஷனில் தேடிவிட்டு, கிடைக்காமல் உங்களிடம் கட்டளை கேட்டு நிற்கிறது.

பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து சேமியுங்கள். உண்மையில் பார்ட்டிஷனை அழிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

பதில் 2:

அதற்கு முன் ஒரு வார்த்தை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், பூட் வரிசையை மாற்றியதும் 48 இலக்க ரிகவரி கீ கேட்கக்கூடும். அதை முதலில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்காமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மிகவும் பாவம்.

வரிசையை மாற்றிய பிறகு அந்த 100 எம்பிக்குள் கிடக்கும் உபுண்டு ஃபோல்டரையும் எடுத்துவிடலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, மவுண்ட்வால் கட்டளையால் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்து கொடுங்கள். ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று மூன்று இருக்கும். உபுண்டுவை மட்டும் அழியுங்கள். தயவுசெய்து பார்ட்டிஷனையே அழித்துவிடாதீர்கள், அப்புறம் விண்டோஸும் துவங்காது.

சி டிரைவைப் பெரிதாக்க, டிஸ்க் மேனேஜ்மென்டில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுங்கள். காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகவே நிற்கும்.

கேட்டவர்:

பூட் வரிசை மாற்றினேன், நேராக விண்டோஸ் வருகிறது. கீ கேட்கவில்லை. காலி இடமும் சி டிரைவை ஒட்டித்தான் இருக்கிறது.

எக்ஸ்டெண்ட் கொடுக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது. அப்பா பேசிய குரல் பதிவுகள் சில, உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. அப்பா இப்போது இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 2:

நிறுத்துங்கள்! எக்ஸ்டெண்ட் வேண்டாம், புது வால்யூம் வேண்டாம், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்தால், பழைய தரவு இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை போய், பிறகு மீட்க முடியாமலே ஆகிவிடலாம். பார்ட்டிஷனை அழித்தபோது போனது டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலில் இருந்த அதன் குறிப்புதான். உள்ளே இருந்தது இன்னும் அங்கேயே கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உபுண்டு இன்ஸ்டால் செய்த யூஎஸ்பி இருந்தால் அதில் பூட் செய்து 'ட்ரை உபுண்டு' கொடுங்கள். தவறியும் இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். இணையத்தில் இணைந்து டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதை ரூட் அனுமதியோடு ஓட்டி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ், பிறகு க்விக் சர்ச். 120 ஜிபி லினக்ஸ் பார்ட்டிஷன் பட்டியலில் வந்தால் அதன் மேல் நின்று 'பி' அழுத்துங்கள், ஃபைல்கள் தெரியும். வேண்டியதன் மேல் நின்று சின்ன 'சி' அழுத்தி, வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். கடைசியில் 'ரைட்' (டிஸ்க்கில் எழுது) கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். உங்களுக்கு ஃபைல்கள்தானே வேண்டும்.

கேட்டவர்:

இரவு ஒன்றரை மணி. க்விக் சர்ச்சிலேயே அந்தப் பார்ட்டிஷன் வந்தது. ஹோமுக்குள் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். 11 பதிவுகள், எல்லாம் வெளி டிஸ்க்கில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றையும் திறந்து கேட்டேன். நான்காவதில் அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இன்னொரு பிரதி பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சி டிரைவை நாளை பெரிதாக்கிக்கொள்கிறேன்.