மறு: ஓப்பரா ஒத்திகையில் ‘மார்க்கிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் சப்டைட்டில் போடும் படத்தில் ‘மார்க்கிங்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள், தமிழ்ச்சொற்களும் சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். படம், பிலிப் பெஸியா இயக்கிய ‘த்ராவியாத்தா எ நூ’. 2011இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் விழாவுக்காக இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா த்ராவியாத்தா’ ஓப்பராவை (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகம்) ஒத்திகை பார்த்த கதை. நடாலி தெஸ்ஸே நாயகி வியொலெத்தாவாக. நாடக அரங்கிலிருந்து வந்த ழான்-பிரான்சுவா சிவாதியே மேடை இயக்குநர். அவருக்குக் கை எங்கே போகிறது, பார்வை எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் முக்கியம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். அத்தனை முறையும் முழுக்குரலில் பாடினால் முதல் காட்சிக்குத் தொண்டை மிஞ்சாது. அதனால் ஓப்பரா பாடகர்கள் சொல்லையும் தாளத்தையும் விடாமல், குரலை மட்டும் மிச்சம் பிடிப்பார்கள். உச்ச சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்வார்கள். இதுதான் மார்க்கிங்.

> அரைக்குரல் என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இத்தாலியர்களின் ‘மெட்சா வோச்சே’க்கு நேர்ச்சொல்லே அரைக்குரல்தான். அது ரசிகர் முன்னால் பாடும்போது இசையமைப்பாளர் பாடகரிடம் எதிர்பார்க்கும் வித்தை. இதே ஓப்பராவின் மூன்றாம் அங்கத்தில், சாகக் கிடக்கும் வியொலெத்தா பாடும் ‘அத்தியோ தெல் பஸ்ஸாத்தோ’வின் கடைசிச் சுரத்தை நூலிழைக் குரலில் பாடச் சொல்லி வெர்டி குறித்திருக்கிறார். அதை அறுந்துபோகாமல் பிடிப்பது எவ்வளவு பாடு! அந்தச் சிக்கனமும் மார்க்கிங்கின் சிக்கனமும் ஒன்றல்ல. அரைக்குரலை அதற்கே விட்டுவைப்போம்.

> ஐரோப்பிய மொழிகள் எல்லாம் ‘குறி’ என்ற வேரையே எடுக்கின்றன. ‘குறித்துப் பாடல்’ சரியாக வருமே?

பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழில் குறித்துப் பாடினால் யாரைக் குறித்து என்று கேட்பார்களே! ‘முருகனைக் குறித்துப் பாடினார்’ என்பதுதான் காதில் விழும்.

> அப்படியானால் ‘ஒத்திகைக் குரல்’?

இதில்தான் கொஞ்சம் தடுமாறினேன், அழகான சொல். ஆனால் எல்லா ஒத்திகையிலும் குரலை அடக்குவதில்லை. இசைக்குழுவோடு முதன்முதலாகச் சேரும்போது, நடிப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்து முழுமையாகப் பாடும் ஒத்திகை ஒன்று உண்டு. ஜெர்மானியர் ‘சிட்ஸ்புரோபே’ என்கிறார்கள். (இதற்கு ‘அமர் ஒத்திகை’ என்று போட்டுவிட்டேன், யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.) அங்கே ஒலிப்பதும் ஒத்திகைக் குரல்தானே?

என் முன்மொழிவு: கோடி காட்டிப் பாடுதல். முழுதும் சொல்லாமல் சாடை காட்டுவதைக் கோடி காட்டுதல் என்கிறோம். பாடகரும் அதைத்தான் செய்கிறார்: ‘இந்த இடத்தில் உச்சம் வரும், தெரிந்துகொள்’ என்று உடன் நடிப்பவருக்குக் காட்டிவிட்டு நகர்கிறார். முதல் அங்கத்தின் முடிவில் ‘செம்ப்ரே லீபெரா’ பாட்டில் வெர்டி எழுதாமலே மரபாகிவிட்ட அந்த உச்ச ஈ-பிளாட் சுரத்தை நாளுக்குப் பத்து முறை யார் பாட முடியும்? கோடிதான் காட்ட முடியும்.

பெயர்ச்சொல்லாகச் சுருக்கி ‘கோடிப்பாட்டு’ என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பணம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் இழவு வீட்டுக் கோடித்துணி. நாயகி இருமிச் செத்துப்போகும் கதைக்கு இரண்டாவது பொருந்துகிறது என்றாலும் வேண்டாம். வினையாகவே இருக்கட்டும்: ‘இன்று கோடி காட்டுகிறேன், நாளை முழுக்குரல்.’ சப்டைட்டிலில் ஒரே வரியில் அடங்குகிறது.

> தலைப்பில் ‘நவீன மேடையாக்கம்’ என்று போடலாமா?

மேடையாக்கம் சரி. ‘நவீன’ என்பதைத்தான் யோசிக்கிறேன். வெர்டியே இதைத் தன் காலத்து உடையில், சமகாலக் கதையாகத்தான் மேடையேற்ற நினைத்தார். 1853 மார்ச்சில் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் அது நடக்கவில்லை, கதையை 1700 வாக்கில் தள்ளிவைத்தார்கள். இன்றைய உடுப்பில் ஆடுவது அவர் கேட்டதற்குப் பக்கத்தில் போவதுதான். ‘இன்றைய உடையில்’ என்று போட்டால் போதாதா?

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் சப்டைட்டில் கோப்பில் மாற்றிவிடுகிறேன். அமர் ஒத்திகைக்கும் சேர்த்துத்தான்.