ஊர்க் கூட்டத்தில் ஸ்லைடு காட்சி: எழுத்தைக் குறைத்தால் விவரம் குறைந்துவிடாதா?

பாலக்கோட்டு ஆசிரியர்:
நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பற்றி விளக்கும்படி, பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் அறிவியல் மன்ற மாணவர்களை அழைத்திருக்கிறார்கள். மாணவர்கள் 28 ஸ்லைடுகள் தயாரித்துள்ளனர். பெரும்பாலும் பாடநூல் பத்திகள். குறைக்கச் சொன்னால், விவரம் விடுபடும் என்கிறார்கள். கூட்டம் பகலில், சமுதாயக் கூடத்தில் நடக்கும். எப்படிச் சீர்செய்யலாம்?

தொப்பூரான்:
ஐயா, விவரத்தைக் குறைக்க வேண்டாம். அதைத் திரையிலிருந்து பேச்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். திரையில் ஒரு பத்தி நின்றால், படிக்கத் தெரிந்தவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார், பேசுபவரின் சொல் அவர் காதில் ஏறாது. படிக்கத் தெரியாதவருக்கோ அந்தத் திரையால் எந்தப் பயனும் இல்லை. படத்தோடு பேச்சு மட்டும் இருப்பதைவிட, அதே பேச்சை எழுத்தாகவும் காட்டும்போது கற்றல் குறைகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

பழுப்புக் கறை படிந்த பற்களின் படம் ஒன்று போதும், பல் புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்த நீரால் பற்களில் கறை படியும் பாதிப்பு) பற்றிய ஒரு பக்க எழுத்து தேவையில்லை. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும் என்பதற்கு, அடுப்பின் மேல் ஒரு பானையும் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறியும் போதும். ஊர்ப் போர்வெல்களின் சோதனை முடிவுகள் கையில் இருந்தால் தூண் வரைபடமாக்கி, குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரு கோடு போடுங்கள். அந்த ஒரு ஸ்லைடில் ஐந்து நிமிடம் நின்றாலும் தவறில்லை. தூண்களின் கீழே தெருப் பெயரை எழுதுங்கள். கிணற்றுக்காரர் பெயரை எழுதினால் கூட்டம் வேறு திசைக்குப் போய்விடும்.

கிருஷ்ணகிரி கணினிக்காரர்:
முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அது இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் படி ஒன்றும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் கரும்பின்னணி வெளுத்துவிடும். வெள்ளையில் கறுப்பு எழுத்து, 30 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போது ஆங்கில ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுக்கும், மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். கேள்வி எழும்போது திரையை அணைத்துவிட்டு மக்களைப் பார்த்துப் பேசுவது நல்லது. ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடுக்கே போகலாம். பத்து ஸ்லைடுகளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

பாலக்கோட்டு ஆசிரியர்:
மிக்க நன்றி. மாணவர்கள் நால்வர் மாறி மாறிப் பேசலாமா?

தொப்பூரான்:
பேசலாம், ஆனால் நான்கு கோப்புகள் வேண்டாம். ஒரே கோப்பாக்கி, கணினியில் ஐந்தாவதாக ஒரு மாணவரை உட்கார வையுங்கள். அந்தத் தூண் வரைபடத்தை மட்டும் பெரிய சார்ட் தாளிலும் வரைந்து எடுத்துச் செல்லுங்கள்; மின்சாரம் நின்றாலும் பேச்சு நிற்காது.