எஸ்.பி.எல். தேர்தல் வைத்தால் குடிமைப் பயிற்சி ஆகிவிடுமா?

பாலாறு:
பள்ளி திறந்ததும் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) தேர்தல் நடத்துகிறார்கள். செல்போனில் வாக்கு இயந்திரச் செயலி, விரலில் மை, வரிசை, போட்டோ. இதைக் குடிமைப் பயிற்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. யார் நிற்கலாம் என்பதை மதிப்பெண் பார்த்து ஆசிரியர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ஜெயித்த பிள்ளைக்கு ஒரு பேட்ஜ், காலைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும் வேலை, வகுப்பில் பேசுகிறவர் பெயரைப் போர்டில் எழுதும் உரிமை, இவ்வளவுதான். ஓட்டுப் போட்டவர்களைப் போட்டுக்கொடுக்கவா அவர் ஓட்டுக் கேட்டார்? ஓட்டுப் போட்டு ஒன்றும் ஆகாது என்பதை 13 வயதிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். இதற்குப் பதில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, பதில் வாங்கும் வரை தொடர்ந்து போகச் சொல்லிக்கொடுங்கள்.

சாவடி 112:
பதவிக்கு வேலை இல்லை என்பது சரி. அதற்காகத் தேர்தலையே விட்டுவிடச் சொல்வது தவறு. ரகசியம் என்றால் என்ன, கணக்கு எப்படி நேராகிறது என்பதெல்லாம் கையால் செய்தால்தான் மனசில் நிற்கும். செயலியை விட்டுவிட்டுச் சீட்டுக்கு வாருங்கள். 2019, 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தல்கள் சீட்டில்தான் நடந்தன. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனிச் சீட்டு என ஒருவரே நான்கு ஓட்டுப் போட்டார்.

வகுப்பில் எங்கே கெடுகிறது என்றால், துண்டுத் தாளில் பெயர் எழுதச் சொல்வதில். 40 பேர் வகுப்பில் கையெழுத்தைப் பார்த்தே யார் போட்டது என்று சொல்லிவிடுவார்கள். பெயரும் சின்னமும் அச்சடித்த சீட்டும் ஒரு ரப்பர் முத்திரையும் வேண்டும். மறைப்பு அட்டை மூன்று பக்கமும் இருக்கட்டும், போடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. முத்திரை குத்தியதும் சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்க வேண்டும். மாற்றி மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தின் மேல் ஒட்டி, எண்ணும்போது இரண்டு குறி தெரியும். நிஜத் தேர்தலில் அம்புக்குறி முத்திரை தருவது இதற்காகத்தான். ஒட்டிய தடம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும், அசல் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

மருதம் டீச்சர்:
பாலாறு சார், மனு யோசனை நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் ஆசிரியர் எழுதுவார், பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள். அதிலும் தப்பான ஆளுக்குப் போகும். தெருவிளக்கு எரியாவிட்டால் ஊராட்சிக்கு, பேருந்து நேரம் சரியில்லையென்றால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு, கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு. எல்லாவற்றையும் கலெக்டருக்கு எழுதினால், அது கைமாறிக் கைமாறிக் கீழேதான் வரும். எது யார் பொறுப்பு என்று பிரிப்பதற்கே ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும்.

பாலாறு:
ஒரு பீரியட் தாராளமாகக் கொடுங்கள் டீச்சர். கிராம சபையையும் அதில் சேருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள், பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் போய் உட்கார்ந்து பார்க்கலாம். பெற்றோர் ஒருவர் எழுந்து பேச, பிள்ளை எழுதிய கோரிக்கை தீர்மானமாகலாம். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். வாய்ச்சொல்லோடு விட்டால் அடுத்த கூட்டத்தில் கேட்க ஆதாரம் இருக்காது. கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை நடத்துகிறார்கள். நாமும் கேட்கலாம்.

கரிசல் காடு:
தேர்தல் நேரத்தில் பிள்ளைகள் கையில் ‘ஓட்டுப் போடுவோம்’ என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்து, ‘அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று அனுப்புகிறோமே, அதை நிறுத்துங்கள். நகரும் தபால்காரனாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு குடிமை என்று பேசக் கூடாது. கட்சிப் பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. விழிப்புணர்வு ஊர்வலத்துக்காக வெயிலில் பதாகை பிடிக்க வைப்பதிலும் அதே கரிசனம் வேண்டும்.

சாவடி 112:
ஊர்வலம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நேராக உதவும் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. 17 வயது முடிந்தவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 இந்த நான்கில் எந்தத் தேதியில் 18 முடிந்திருக்கிறதோ அதை வைத்துப் பெயர் சேரும். விண்ணப்பம் தள்ளிப்போவது சின்னக் காரணங்களால்தான். பெயர் எழுத்து ஒரு சான்றில் ஒன்று, இன்னொன்றில் வேறு. இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். பிள்ளை ஹாஸ்டலில் இருக்கும், முகவரி ஊரில் இருக்கும். வகுப்பிலேயே சான்றுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மருதம் டீச்சர்:
இதை அடுத்த வாரமே செய்யலாம். எஸ்.பி.எல். பதவிக்கும் வேலை கொடுப்போம். விளையாட்டுச் சாமான் யாருக்கு எந்த நாள், நூலகத்துக்கு எந்தப் புத்தகம், ஆண்டு விழாவில் எந்த நிகழ்ச்சி, இந்த மூன்றில் முடிவை அவர்களிடமே விடலாம். மாதம் ஒருமுறை காலைக் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு மறுதேர்தல்.

சாவடி 112:
மறுதேர்தலை எதிர்க்கிறேன். நம் சட்டமன்ற உறுப்பினரை வாக்காளர் இடையில் இறக்க வழியில்லை. இல்லாத உரிமையை இருப்பதுபோல் பழக்கினால் வெளியே போய்க் குழம்புவார்கள்.

பாலாறு:
குழம்பமாட்டார்கள். வெளியே ஏன் இல்லை என்று கேட்பார்கள், அதுதான் வேண்டும். சமூக அறிவியலில் குடவோலையை மனப்பாடம் செய்கிறார்கள். பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்கிறது.

சாவடி 112:
அதே கல்வெட்டு, நிற்பதற்கு நிலம் வேண்டும் என்கிறது. 35 வயதுக்குக் கீழ் கூடாது என்கிறது. அங்கே தேர்வு நடந்தது சீட்டுக் குலுக்கலில், ஓட்டில் இல்லை. எடுப்பதானால் முழுசாக எடுத்துச் சொல்லுங்கள்.

பாலாறு:
சொல்கிறேன். யார் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் பாடம்தான். ஆனால் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதியை எஸ்.பி.எல். தேர்தலுக்கு வைப்பதில் உங்களுக்கு என்ன தடை?

சாவடி 112:
அந்த விதியில் தடையில்லை. இடையில் இறக்குவதில்தான். விதியை வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். ஜெயித்தபின் விதி போட்டால், பிடிக்காத பிள்ளையை ஒதுக்கவே பயன்படும்.

மருதம் டீச்சர்:
ஒட்டிவிடுகிறோம். மதிப்பெண் நிபந்தனையை அதிலிருந்து எடுத்துவிடவும் தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டும். வகுப்புப் பதிவேட்டில் பெயர் உள்ள எவரும் நிற்கலாம், முன்மொழிய இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் போதும்.