புதுப்பிப்பு: விந்தணு டிஎன்ஏ சேதம், மறுபரிசோதனை எப்போது?

எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் நார்மலாக இருந்தாலும் விந்தணுவுக்குள் டிஎன்ஏ உடைந்திருக்கலாம், கரு கலைவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று முந்தைய இழையில் சொல்லியிருந்தோம். அதன் கீழ் அதிகம் வந்த கேள்வி: சிகரெட்டை விட்டு ஒரு மாதமாகியும் டிஎஃப்ஐ (டிஎன்ஏ உடைந்த விந்தணுக்களின் சதவீதம்) ஏன் குறையவில்லை?

ஒரு மாதம் போதாது. விந்தணு உருவாகவே சுமார் 74 நாள். விரையை ஒட்டியுள்ள விரைமேற்குழாயில் முதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். வேரிகோசீல் (விரைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) அறுவை, கடும் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

பலர் கோட்டை விடுவது இடைவெளி நாட்களில், அதாவது கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சாம்பிள் கொடுப்பதற்கும் இடைப்பட்ட நாட்களில். விந்து தேங்கத் தேங்க ஆக்சிஜனேற்றம் டிஎன்ஏவை மேலும் சிதைக்கும். முதல் சாம்பிள் ஏழு நாள் இடைவெளியிலும் அடுத்தது இரண்டு நாளிலும் கொடுத்தால், டிஎஃப்ஐ குறைந்தது சிகிச்சையாலா இடைவெளியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இடைவெளி, லேப், பரிசோதனை முறை மூன்றும் மாறவே கூடாது. ஹேலோ முறையில், டிஎன்ஏ உடைந்ததால் ஒளிவட்டம் விரியாத அணுக்களை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். எஸ்சிஎஸ்ஏ என்ற இன்னொரு முறையில், டிஎன்ஏ உடைந்த அணுக்களில் சாயத்தின் நிறமாற்றத்தைக் கருவி அளக்கிறது. டிஎஃப்ஐ இதைத் தாண்டினால் அதிகம் என்று சொல்லும் 30 சதவீத எல்லை எஸ்சிஎஸ்ஏவுக்கு வகுத்தது. ஹேலோ ரிப்போர்ட்டில் அதை அப்படியே பொருத்திப் பயப்படாதீர்கள்.