மறு: டீகமிஷனிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஆயுள் முடிந்த அணுமின் நிலையத்தை நிரந்தரமாக மூடி, பாதுகாப்பாக்கி முடிக்கும் வேலைகள் அனைத்தையும் குறிக்கும் 'டீகமிஷனிங்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். குழுவில் வந்த கருத்துகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> 'செயலிழக்கச் செய்தல்' போதுமே. நாளிதழ்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வெடிகுண்டுக்கு அது சரி. அணுமின் நிலையத்தில் உலை செயலிழந்த பிறகுதான் டீகமிஷனிங் வேலையே ஆரம்பிக்கிறது.

ஷிப்பிங்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த நிலையம். விமானந்தாங்கிக் கப்பலுக்காகத் தொடங்கிக் கைவிட்ட உலைத் திட்டத்தை, கடற்படை அதிகாரி ரிக்கோவர் தலைமையில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1957 டிசம்பரில் 60 மெகாவாட் திறனுடன் மின்சாரம் தரத் தொடங்கியது. 1977 முதல் தோரியம் எரிபொருளில் ஓடியது. 

1982 அக்டோபர் 1 அன்று உலையை அணைத்தார்கள். இதற்கு 'நிறுத்தம்' போதும். அப்புறம் எரிபொருளை வெளியே எடுத்தார்கள். 1985இல் பிரிப்பு வேலை தொடங்கியது. எரிபொருள் இருந்த கனமான எஃகுத் தொட்டியான அழுத்தக் கலனைத் துண்டு போடவில்லை. உள்ளே கான்கிரீட் நிரப்பி, 1988 டிசம்பரில் அப்படியே தூக்கினார்கள். பிறகு அது தோணியில் மிசிசிப்பி வழியாகக் கடலுக்குப் போய், பனாமா கால்வாயைத் தாண்டி, கொலம்பியா ஆற்றில் ஏறி, வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு அணுக்கழிவுத் தளத்தில் புதைக்கப்பட்டது. 1989இல் வேலை முடிந்தது. செலவு சுமார் 9.8 கோடி டாலர். அந்த நிலத்தை இனி எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விடுவித்தார்கள்.

> அப்படியானால் 'கலைப்பு' அல்லது 'பிரித்தகற்றல்'?

அது ஒரு வழிமுறைதான். நெப்ராஸ்காவின் ஹாலம் உலையைக் கழற்றி அகற்றாமல், இருந்த இடத்திலேயே மூடிப் புதைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் கால்டர் ஹால் அணுமின் நிலையம் 2003இல் நின்றது. நான்கு குளிர்விப்புக் கோபுரங்களை 2007இல் தகர்த்தார்கள், உலைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. இந்த மூன்று நிலையங்களின் கதையையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

என் பரிந்துரை 'நிலைய விடுவிப்பு'. அரசு ஊழியர் ஓய்வுபெறும்போது பொறுப்பை ஒப்படைத்த பிறகுதானே பணிவிடுவிப்பு ஆணை கிடைக்கும்? அந்தப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. 'பணிவிடுவிப்பு' என்றே வைத்தால் ஆள்குறைப்பு என்று நினைத்துவிடுவார்கள், அதனால் 'நிலைய' சேர்த்தேன். இதற்குள் நிறுத்தம், பிரித்தகற்றல், புதைகாப்பு (ஹாலம்போல இருந்த இடத்திலேயே மூடிப் புதைப்பது) என்று உட்பிரிவுகள் வரலாம்.

'புதைகாப்பு' என்ற கடைசிச் சொல்லில் எனக்கே திருப்தி இல்லை. 'உலைச்சமாதி' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பாடநூல் குழு ஏற்குமா? வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.